பல் பதிந்த தண்டு

"ஏம்மா, உன் காருக்கு மூக்குல ரத்தம் வருது. வந்து பாரு."

ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா குரல் கொடுத்தபோது தம்பி மனைவி அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் பேச்சில் பாதி கேலியாகத்தான் இருக்கும் என்பதால் அவள் அவசரப்படவில்லை. பாத்திரத்தை மூடிவைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, இடது காலைச் சற்று இழுத்தபடி வாசலுக்கு வந்தாள். காலையில் கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில், காரின் முன்சக்கரத்தை ஒட்டி, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பாக ஒரு வட்டம் கிடந்தது. தொட்டாள். வழுக்கியது. மோந்து பார்த்தாள். லேசாகக் கருகிய வாசனை.

"ஆயில் அண்ணி."

"நான் ரத்தம்னேன், நீ ஆயில்ங்கறே. ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கு அதான் ரத்தம்."

அவள் சிரிக்கவில்லை. அது சனிக்கிழமை. திங்கள் காலையில் அந்தக் காரில்தான் அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அந்த வீட்டில் கார் என்பது ஆடம்பரமாக வந்ததல்ல. சிறு வயதில் வந்த காய்ச்சலில் தம்பி மனைவியின் இடது கால் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்கும் வலு அதற்கு இல்லை. சீருடை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த காசில், இரண்டு கை மாறிய ஒரு ஆட்டோமேட்டிக் காரை அவளே வாங்கினாள். கியர் தானாக மாறிக்கொள்ளும். வலது கால் ஒன்று போதும். அவளுடைய கணவருக்கு மொபெட்டைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. "வாஷர் வீட்ல பொண்டாட்டி டிரைவர், புருஷன் கிளீனர்" என்று தெருவில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வாஷர் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். குழாய் வேலை செய்பவர். எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் பக்கத்தில் போகும் முன்பே, "வாஷர் போயிருக்கும்மா" என்று சொல்லிவிடுவார். பத்துக்கு எட்டு அப்படித்தான் இருக்கும். அக்கா மட்டும் அவரைத் தம்பி என்பாள். கோபம் வந்தால் அவளும் வாஷர்தான்.

தாய் தகப்பன் போனபின் அவரை வளர்த்தவள் அக்கா. தானொரு வாழ்க்கை அமைத்துக்கொள்ளாமலே தம்பிக்குக் கல்யாணம் செய்துவைத்தவள். இப்போது அவள் முதுகெலும்புக்குள் ஒரு கட்டி. அது நரம்பை அழுத்திவிட்டால் இரண்டு கால்களும் போய்விடும் என்றார் டாக்டர். அதற்காக ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கிறார்கள், அதாவது கட்டியைக் கதிர்வீச்சால் கருக்குகிறார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். "நடுவுல விட்டுடாதீங்க. விட்டா இதுவரைக்கும் வச்சதும் வீணாப் போயிடும்" என்று டாக்டர் சொன்னதை அந்த வீட்டில் யாரும் திரும்பச் சொல்வதில்லை. ஆனால் மூன்று பேர் காதிலும் அது இருந்தது. சுவரையும் தம்பியின் தோளையும் பிடித்துக்கொண்டு அக்கா இன்னும் குளியலறைவரை நடக்கிறாள். அந்த நடையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும்.

காரின் முன்சீட்டை மல்லாத்தி, மெத்தை விரித்து அவளைப் படுக்கவைப்பார்கள். தம்பி பின்னால் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொள்வார். கியர் மாற்றும் குலுக்கல் அந்தக் காரில் கிடையாது. தம்பி மனைவியும், மடியில் நிறை பால் கிண்ணத்தை வைத்திருப்பவள்போல ஓட்டுவாள். ஒருமுறை கார் சர்வீசுக்குப் போயிருந்ததால் வாடகை வண்டியில் போனார்கள். அந்த டிரைவர் நல்ல மனிதர்தான். பிரேக்கைத்தான் சட்டென்று மிதித்துவிட்டார். அந்த வலியில் இரண்டு நாள் அக்கா கேலி பேசவில்லை.

சனிக்கிழமை மாலை தெருமுனை மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கியர் பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்கு ஒரு தண்டு போகுதுல்ல, ஆக்ஸில், அது நுழையற வாயில ரப்பர் சீல் இருக்கும். அது போச்சு."

"மாத்திக் குடுங்களேன்."

"ஆட்டோமேட்டிக்ல நான் கை வைக்கிறதில்ல அண்ணே. பெரிய ஒர்க் ஷாப்புக்குப் போங்க."

பெரிய ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வரிசையில் நிறைய வண்டி. அடுத்த வாரக் கடைசி ஆகும் என்றார்கள்.

"அடுத்த வாரமா!" என்றார் வாஷர். வெளியே வந்து மனைவியிடம், "ஒரு ரப்பர் வளையம். அவ்ளோதான். வாஷர் மாதிரி. இதுக்கு ஒரு வாரமா? ஞாயித்துக்கிழமை வீட்லயே மாத்திப்புடறேன்" என்றார்.

"உங்களுக்குக் கார் வேலை தெரியுமாங்க?"

"ஒழுக்கு தெரியும்ல?"

அவள் காரைக் கடைத்தெருப் பக்கம் திருப்பினாள். வேறு வழியும் இல்லை. உதிரி பாகக் கடைக்காரர் கண்ணாடி அலமாரியில் தேடி அந்தச் சீலை எடுத்துக் கொடுத்தார். வளையல் போல இருந்தது. உள்பக்கம் மெல்லிய ரப்பர் உதடு. அதைச் சுற்றி நூல் போன்ற ஒரு ஸ்பிரிங். எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்று பொறுமையாகச் சொல்லி, தன் போன் நம்பரும் கொடுத்தார். "சந்தேகம்னா கூப்பிடுங்க, தயங்காதீங்க."

ஞாயிறு விடிந்ததுமே வெயில் சுள்ளென்று அடித்தது. வாஷர் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் தடித்த மரக்கட்டைகளை அடுக்கினார். சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். கிழிந்த தார்ப்பாயை விரித்து உள்ளே போனார். அக்காவைப் பிரம்பு நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்த்து வாசலில் உட்காரவைத்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க வேண்டும் என்று அவள்தான் பிடிவாதம் பிடித்தாள்.

"என்னடா, உள்ள குழாய் எதாவது தெரியுதா?"

"சும்மா இருக்கா."

"தெரியலன்னா சொல்லு. தண்ணி மோட்டாரைப் போட்டு விடுறேன்."

மனைவி பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கேட்ட ஸ்பானரை எடுத்து நீட்டினாள். தண்டின் வெளிமுனையைப் பிடித்திருந்த பெரிய நட்டு அசையவே இல்லை. ஸ்பானரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, இருவரும் சேர்ந்து அழுத்தியதும் 'கிரீச்'சென்று விட்டது. பலகாலக் குழாய்க்காரரின் வித்தை அது. அவர் முகம் மலர்ந்தது. அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்று வந்தது. வியர்வை கண்ணில் இறங்க, மனைவி முந்தானையால் துடைத்துவிட்டாள். நடுவில் எழுந்துபோய் ரொட்டியும் டீயும் கொண்டுவந்தாள். அவர் கை முழுக்க எண்ணெய். அவளே பிய்த்து வாயில் வைத்தாள்.

"ஊட்டு ஊட்டு. குழந்தை வண்டிக்கு அடியில தவழுது" என்றாள் அக்கா.

கடைசியில் ஆக்ஸில் மட்டும் மிச்சம். நெம்பினால் கியர் பாக்ஸிலிருந்து இரண்டு விரல்கடை வெளியே வந்து மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, தட்டினால் வரவில்லை. வெளியே தெரிந்த தண்டின் பகுதி கண்ணாடிபோல் மின்னியது. கை வழுக்கியது.

"அந்தப் பெரிய ரெஞ்சை எடு."

சாக்குப்பையிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்துக் கொடுத்தாள். கைப்பிடி தேய்ந்து அவர் உள்ளங்கைக்கு அச்சாகப் பழகியிருந்த ரெஞ்ச் அது. மின்னிய இடத்தில் அதைக் கவ்வவைத்து, மூச்சைப் பிடித்து ஒரு திருகு திருகி இழுத்தார். தண்டு கையோடு வந்தது. பின்னாலேயே சிவப்பு எண்ணெய் குபுகுபுவென்று ட்ரேயில் இறங்கியது.

"வந்துருச்சு!" என்று அடியிலிருந்து கத்தினார்.

"ஆம்பளையா பொம்பளையா?" என்றாள் அக்கா.

மனைவி சிரித்த சிரிப்பில் டம்ளரைத் தட்டிவிட்டாள். அன்று அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

பழைய சீல் வளையத்தை நெம்பி எடுத்தார். புதியதை வைத்து, அளவாக வெட்டிய பைப்புத் துண்டால் சுற்றிலும் பதமாகத் தட்டி உட்காரவைத்தார். உதட்டுக்குக் கிரீஸ் தடவினார். தண்டை உள்ளே தள்ளினார். 'க்ளிக்' என்று மாட்டியது. சக்கரம் பூட்டி, புனல் வைத்து எண்ணெய் ஊற்றி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மனைவி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டாள். அவர் குப்புறப் படுத்து, அடியில் விரித்த செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சொட்டு. பிறகு அது சொட்டாக இல்லை, நூலாக இறங்கியது.

பழைய சீல் சொட்டியது. புதிய சீல் ஒழுகியது.

"ஆஃப் பண்ணு" என்றார். அவள் காதில் விழவில்லை. "ஆஃப் பண்ணுடீ!" என்றார். அவர் அவளை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டார். எதிர்முனையில் குழந்தைகளின் சத்தம், தட்டுகளின் சத்தம். அவர் எழுந்து தனியாக வந்து பேசினார்.

"சீல் நேரா உக்காந்துச்சா?"

"நேராத்தாங்க. சுத்தி சுத்தித் தட்டுனேன்."

"வாய்க்கு கிரீஸ் போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஆக்ஸிலை எப்படி வெளிய எடுத்தீங்க?"

"பாதி வந்து மாட்டிக்கிச்சு. வழுவழுன்னு ஒரு எடம் தெரிஞ்சுது. அதுல ரெஞ்சைப் போட்டு இழுத்தேன்."

"எந்த ரெஞ்சு?"

"பைப் ரெஞ்சு."

கொஞ்ச நேரம் போனில் ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது வாஷருக்கு.

"அண்ணே, அந்த வழுவழுப்பு மேலதான் சீலோட உதடு உக்காரும். அதுல ஒரு கீறல் இருந்தாக்கூட ரப்பரைக் கிழிச்சிரும்."

குழாயில் ரெஞ்சின் பல் பதிந்திருந்தால், நன்றாகப் பிடித்து முறுக்கியிருக்கிறான் என்று பெயர். வெளியே எத்தனை கீறல் இருந்தால் என்ன, தண்ணீர் உள்ளேதானே ஓடுகிறது. வாழ்நாள் முழுக்க அவர் அப்படித்தான் பிடித்து வந்திருக்கிறார். தெரியாத இடத்தில் மனிதன் பயந்து பயந்து கால் வைக்கிறான். தெரிந்ததாக நினைக்கிற இடத்தில்தான் முழுப் பலத்தையும் போட்டுவிடுகிறான்.

"இப்ப என்ன பண்றது?"

"வேற ஆக்ஸில்தான். இந்த வண்டிக்கு வெளியூர்லேர்ந்து வரணும். வார நடுவுல வந்துடும், நான் சொல்லி வைக்கிறேன்."

"நாளைக்குக் காலைல அக்காவைக் கூட்டிட்டுப் போகணுங்க."

கடைக்காரர் சாவியைத் தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "வீட்ல இருங்க, வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

அவர் வருவதற்குள் வாஷர் மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். தண்டை வெளியே எடுத்து விரலால் தடவினார். வரிசையாக, கடித்தது போல, ரெஞ்சின் பற்கள் பதிந்திருந்தன. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மினுக்கம்தான் போயிற்று, பள்ளம் போகவில்லை. திரும்ப மாட்டினார். சக்கரத்தைப் பூட்டினார். பூட்டியபின் வெளியே வராமல் காருக்கடியிலேயே கிடந்தார்.

மனைவி அண்ணியை உள்ளே கூட்டிப்போக வந்தாள். அக்கா வேண்டாமென்று கையசைத்து, நாற்காலியைக் காருக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னாள். அவளால் குனிய முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து தம்பியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"டேய்."

பாதங்கள் அசையவில்லை.

"உன் கால்கிட்டதான் பேசறேன். மூஞ்சி வேணாம், கால் போதும்."

கால் விரல்கள் மட்டும் மடங்கின.

"குதிகால் எப்படி வெடிச்சுக் கிடக்கு பாரு. எண்ணெய் தடவுடான்னா கேட்டியா? இப்பப் பாரு, காரே தடவி விடுது."

"போக்கா உள்ள."

"போறதுன்னா நீதான் வந்து புடிக்கணும்."

"அவளைக் கூப்பிடு."

"அவ கால் நோகும். நீ வா."

அடியிலிருந்து குரல் வந்தது. அது அழுத குரல் என்பது மூடிய மூக்கிலிருந்தே தெரிந்தது. "உன் காலைக் கெடுத்துட்டேன்க்கா."

"என் கால் இங்கதான்டா இருக்கு. கெட்டது காரோட கால்."

"ஊர்ல எத்தனை வீட்டு ஒழுக்கை நிறுத்தியிருப்பேன். என் வீட்ல முடியலியே."

"நீ என்ன திருடப் போனியா? யார் குடியையாவது கெடுக்கப் போனியா? எனக்காக வெயில்ல தரையில படுத்துக் கிடந்தே. அதுக்குப் போயி சாமி உன் தலையில குட்டுமா?"

"குட்டினா குட்டட்டும். நாளைக்கு எப்படிப் போறது?"

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் காலை மெல்ல நீட்டி, செருப்பில்லாத விரல்களால் தம்பியின் உள்ளங்காலைத் தொட்டாள். அவ்வளவு தூரம்தான் அவளால் நீட்ட முடிந்தது. அந்தப் பாதம் விலகவில்லை.

கடைக்காரர் வீட்டு உடையிலேயே வந்துவிட்டார். கடையைத் திறந்து எடுத்த எண்ணெய் டின்களை வண்டியிலிருந்து இறக்கினார்.

"ஊத்திக்கிட்டே போங்க. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை ஓரம் கட்டி அளவு பாருங்க. போய்ச் சேர்ந்துடலாம்னு சொல்ல மாட்டேன். சேரலாம்." போகும்போது வாஷரின் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். தன் சட்டையில் பட்டதைப் பார்க்காதவர்போலக் கிளம்பினார்.

திங்கள் காலை வானம் மூடியிருந்தது. வழக்கத்தைவிட முன்னதாகவே புறப்பட்டார்கள். அக்கா மல்லாந்திருந்தாள். தம்பி பின்னாலிருந்து தலையைப் பிடித்திருந்தார். காலடியில் டின்களும் புனலும். பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஒருமுறை நிறுத்தி ஊற்றினார்கள். மார்க்கெட்டைத் தாண்டி மறுபடி. பின்னால் திரும்பிப் பார்த்தால் சாலையில் சிவப்பாக ஒரு கோடு தொடர்ந்து வந்தது.

"வழி மறக்காது, திரும்பி வந்துடலாம்" என்றாள் அக்கா.

ஆற்றுப்பாலம் ஏறும்போது எண்ணெய் எங்கோ சூட்டில் பட்டுப் புகைய ஆரம்பித்தது. பாலம் இறங்கியதும் இன்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. அவள் மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடியது. ஓரமாக உருண்டு நின்றது. வாஷர் இறங்கி, கடைசி டின்னைக் கவிழ்த்தார். ஊற்றிய வேகத்தில் அது கீழே வந்தது.

"தள்ளிப் பாக்கலாமா?" என்றார்.

"இந்த வண்டி தள்ளினா ஸ்டார்ட் ஆகாதுங்க" என்றாள் அவள், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அக்காவின் முறைக்குப் பிறகு மெஷினைச் சரிபார்ப்பதற்காக மூடிவிடுவார்களாம், தவறினால் அன்று கரண்ட் கிடையாதாம். ஆம்புலன்ஸைக் கேட்டாள். வெளியே போயிருக்கிறது, மதியம் ஆகும் என்றார்கள். வண்டிகள் இரைந்துகொண்டு போயின. அக்காவிடமிருந்து இப்போது ஒரு கேலி வரும் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள்.

"என்னை இப்படியே விட்டுடாதீங்கடா" என்றாள் அவள். "நான் நடக்கணும்டா."

வாஷர் சாலையின் நடுவுக்கே போய்க் கையை ஆட்டினார். யாரை, எதற்கு நிறுத்துகிறோம் என்று அவருக்கே தெரியாது. இரண்டு கார்கள் விலகிப் போயின. பின்னால் வந்த ரொட்டி வேன் நின்றது. காக்கிக் கால்சட்டையும் மாவு படிந்த புருவமுமாக ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"சாகறதுக்கு வேற எடம் கிடைக்கலியா பெரியவரே?"

வாஷர் சொன்னது அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் இறங்கி வந்து, காருக்குள் குனிந்து அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணோரத்தில் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்ததையும் பார்த்தார்.

"நிமிர்ந்து உக்கார முடியாதா?"

"ஓடற வண்டியில முடியாதுங்க. குலுங்கவும் கூடாது."

அவர் வேனின் பின்கதவைத் திறந்தார். தரையிலிருந்து கூரைவரை ரொட்டித் தட்டுகள். காலையில் கடைகளுக்குப் போக வேண்டியவை. இன்னும் சூடு ஆறவில்லை. ஒரு கணம் அவற்றைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"படுக்க எடம் வேணாமா? புடிங்க."

தட்டுகள் காருக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு அடுக்கப்பட்டன. காலி மாவுச் சாக்குகளை வேனின் தரையில் மடித்து மடித்துப் போட்டார். பாலத்தடி டீக்கடையிலிருந்து இருவர் ஓடிவந்தார்கள். மெத்தையின் நான்கு மூலையையும் பிடித்து, மூச்சுக்கூட விடாமல், அக்காவை உள்ளே வைத்தார்கள். மனைவி ஏறி அவள் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டாள்.

வாஷர் ஏறப்போனார். ரொட்டிக்காரர் தோளைப் பிடித்தார்.

"நீங்க இருங்க. ரொட்டியை யாரு பாத்துக்கிறது?"

"ரொட்டிக்குக் கடையில காத்திருப்பாங்களே?"

"காத்திருக்கட்டும். வர்றேன்." ஏறி உட்கார்ந்தவர் தலையை நீட்டினார். "எவ்ளோ மெதுவாப் போகணும்?"

"பால் கிண்ணம் மடியில இருக்கறாப்ல" என்றாள் உள்ளிருந்து மனைவி.

வேன் நகர்ந்தது. அப்போது மழை தூற ஆரம்பித்தது.

வாஷர் பதறிப்போய் ரொட்டித் தட்டுகளைக் காருக்குள் ஏற்றினார். பின்சீட்டில் அடுக்கினார். மல்லாந்திருந்த முன்சீட்டில் அடுக்கினார். ஸ்டியரிங்குக்கு முன்னால் கடைசித் தட்டை வைத்தார். எண்ணெய்க் கை ரொட்டியில் பட்டுவிடாமல் சட்டை நுனியால் பிடித்துத்தான் ஒவ்வொன்றையும் வைத்தார். கதவுகளைச் சாத்தினார். அவர் உட்கார உள்ளே இடமில்லை. மழையில் காருக்கு வெளியே நின்றார்.

கையில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பிடிப்பதற்கு அக்காவின் தலை இல்லை. முறுக்குவதற்கு ஒரு நட்டு இல்லை. கடவுளிடம் எதையோ கேட்க நினைத்து, என்ன கேட்பதென்று தெரியாமல், சாலையைப் பார்த்தார்.

நேர்ச்சாலை. வேனின் பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஓட்டுபவரின் கை ஜன்னலுக்கு வெளியே மழையில் நீண்டு, ஒவ்வொரு வண்டியையும் முந்திப் போகச் சொல்லி ஆடிக்கொண்டிருந்தது. எல்லா வண்டிகளும் முந்திப் போயின. ஒரு சைக்கிள் முந்திப் போயிற்று. தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு நடந்த ஒரு பெண்ணும் முந்திப் போனாள்.

அவ்வளவு நேரம் ஆகியும் அந்த வேன் வாஷரின் கண்ணைவிட்டு மறையவில்லை.